வானொலி இரைகிறதா? ஃபெரைட் வளையம் எங்கே உதவும், எங்கே உதவாது

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் வானொலி இரைச்சல் பற்றி என்னைக் கேட்பவர்களில் பலர், வயரில் ஓடும் இரைச்சலைத் தடுக்கக் கோர்க்கும் கறுத்த, பீங்கான் போன்ற ஃபெரைட் வளையத்தை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பார்கள். ரேடியோ வயரில் ஒன்று, தொலைக்காட்சி வயரில் ஒன்று, மிஞ்சியதை ரௌட்டரில் ஒன்று. இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். இரைச்சல் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்காமல் மாட்டிய வளையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உதவாது. மூலத்தைக் கண்டுபிடிப்பது முக்கால் வேலை. ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டு இரைச்சல் கீழே உள்ள அறிகுறிகளில் எதனோடு பொருந்துகிறது என்று பாருங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பற்றரியில் ஓடும் சிறிய ரேடியோ ஒன்று வேண்டும். மத்திய அலை உள்ளதாக இருக்கட்டும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, இரைச்சல் தெளிவாகக் கேட்கும் இடத்தில் ரேடியோவை வையுங்கள். இப்போது வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். யூ.பி.எஸ். இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மின்சாரம் நின்றதும் அது பற்றரியிலிருந்து இயங்கத் தொடங்கிப் புதிய இரைச்சலைக் கொண்டுவந்து உங்களைக் குழப்பிவிடும்.

இரைச்சல் நின்றுவிட்டால் மூலம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. பிரேக்கர்களை எல்லாம் இறக்கிவிட்டு மெயினைப் போட்டு, அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது இரைச்சல் திரும்புகிறதோ, அந்தச் சுற்றில் உள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கைபேசி இல்லாமல் சும்மா செருகிக் கிடக்கும் சார்ஜரையும் விடாதீர்கள். அதுவும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நிற்காவிட்டால் மூலம் வெளியே இருக்கிறது. நடுவில் உள்ளவற்றை விட்டு நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

மத்திய அலை ரேடியோவுக்குள் ஃபெரைட் கோல் ஒன்றுதான் அன்ரனாவாக இருக்கிறது. பெரும்பாலான ரேடியோக்களில் அது பெட்டியின் நீளவாக்கில் கிடக்கும். ரேடியோவை மேசையில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். இரைச்சல் மிகக் குறையும் நிலையில் அந்தக் கோலின் முனைகள் இரண்டும் காட்டும் நேர்கோட்டில், ஏதாவது ஒரு பக்கத்தில், மூலம் இருக்கும். வேறோர் அறையிலிருந்து இதையே செய்தால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் கிடைக்கும். இரைச்சல் சுவர் வயர் வழியாக ஓடிவந்தால் இந்தக் குறி சற்றுப் பிசகும். ஆனாலும் எந்த அறை என்பதைக் காட்டிவிடும்.

## அறிகுறி: மத்திய அலையில் முள்ளை நகர்த்தும்போது இரைச்சல் சீரான இடைவெளியில் ஏறி இறங்குகிறது

தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹேர்ட்ஸை இரவில் தேடுபவர்கள் இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். 531 முதல் 1602 வரையான பட்டையில் ஐம்பது, அறுபது கிலோஹேர்ட்ஸுக்கு ஒரு முறை இரைச்சல் எழுந்து தணிந்தால், அதிவேகமாக ஏற்றி அணைக்கும் மின்வழங்கி ஒன்று எங்கோ ஓடுகிறது என்று பொருள். சார்ஜர், எல்.ஈ.டி. மின்குமிழ், மடிக்கணினி அடப்டர், தொலைக்காட்சி, இன்வேர்ட்டர் குளிர்சாதனம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

மலிவான கைபேசி சார்ஜரா? கழற்றியதும் இரைச்சல் நின்றால், அதற்கு வளையம் வாங்க வேண்டாம், சார்ஜரை மாற்றுங்கள். உள்ளே வடிகட்டிப் பாகங்களே வைக்காமல் செய்த சார்ஜரை வெளியிலிருந்து திருத்துவது வீண் செலவு. கையில் எடுத்தால் காற்றுப்போல் இலேசாக இருக்கும் சார்ஜர்களின் பாதுகாப்பிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 230 வோல்ட்டுக்கும் உங்கள் பிள்ளையின் கைக்கும் இடையே நிற்பது அதுதான்.

எல்.ஈ.டி. மின்குமிழா? கூரையில் நேரடியாக மாட்டும் குமிழில் வளையம் கோர்க்க வயரே வெளியில் இல்லை. வேறு வகைக் குமிழ் ஒன்றை மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் இவ்வளவோடு முடிந்துவிடும். தனி ட்ரைவர் பெட்டி வைத்த கூரை விளக்கு என்றால் வளையத்துக்கு இடமுண்டு: பெட்டிக்குள் போகும் வயரிலும், விளக்குக்கு வரும் வயரிலும், இரண்டையும் பெட்டியை ஒட்டியே. ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் மற்றப் பக்க வயர் அன்ரனாவாக வேலை செய்துகொண்டிருக்கும். தீபாவளிக்கும் வெசாக்கிற்கும் நத்தாருக்கும் தொங்கவிடும் சரவிளக்குகளின் அடப்டரையும் இதே கணக்கில் சேருங்கள். பண்டிகை தொடங்கியபோது வந்த இரைச்சல் என்றால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

மடிக்கணினி அடப்டர், தொலைக்காட்சி, ரௌட்டரா? வளையம் உண்மையில் வேலை செய்யும் இடம் இதுதான். எப்படி மாட்டுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மடிக்கணினி வயரின் முனையில் தொழிற்சாலையிலேயே பூட்டிய தடித்த ஃபெரைட் உருளை ஒன்று இருக்கும். அதன் வழியாக வயர் ஒரு தடவைதான் போகிறது. பண்பலைக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் அது சில நூறு ஓம் தடையைத் தரும். மத்திய அலையிலோ சில பத்து ஓம்தான், அது போதவே போதாது. நீங்கள் வாங்கி மாட்டும், இரண்டு பாதிகளாகத் திறந்து வயரைக் கவ்வும் கிளிப் வளையமும் அப்படியே. மத்திய அலைக்கு வயரைப் பல தடவை சுற்றியே ஆக வேண்டும். தடை ஏறத்தாழச் சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறுகிறது: இரண்டு சுற்றுக்கு நான்கு மடங்கு, ஐந்து சுற்றுக்கு இருபத்தைந்து மடங்கு. துளை வழியாக ஒவ்வொரு முறை போவதும் ஒரு சுற்று. ஐந்து கிளிப் வளையங்களை வரிசையாக மாட்டினால் ஐந்து மடங்குதான் கிடைக்கும். ஒரே பெரிய வளையத்தில் ஐந்து சுற்றுச் சுற்றினால் பணமும் மிச்சம், பலனும் அதிகம்.

இதற்கு ஏற்றது வெளிவிட்டம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் உள்ள முழு வளையம், 31ஆம் எண் கலவை (ஃபெரைட்டின் சேர்மான வகையைக் குறிக்கும் எண்). உயிர்க் கம்பி, நடுநிலைக் கம்பி, புவிக் கம்பி மூன்றும் சேர்ந்த முழு வயரையும் ஒன்றாகச் சுற்றுங்கள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் துளைக்குள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், எவ்வளவு மின்சாரம் இழுத்தாலும் வளையம் காந்தத்தால் நிறைந்துபோகாது. உறையைப் பிரித்து ஒரு கம்பியை மட்டும் சுற்றினால் வளையம் காந்தத்தால் நிறைந்து பயனற்றுப் போகும், ஆபத்தும் கூட.

பதின்மூன்று அம்பியர் சதுர பிளக் துளைக்குள் நுழையாது. மேசைக் கணினி வயராக இருந்தால் கணினிப் பக்க முனை சிறியது. அதை நுழைத்துச் சுற்றலாம். மற்றவற்றில், திருகாணி போட்ட பிளக்கைக் கழற்றிச் சுற்றியபின் மீண்டும் பூட்ட வேண்டும். உயிர், நடுநிலை, புவி என்ற வரிசையில், பழைய வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. புதியதில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். இந்த நிறங்களில் சிறு சந்தேகம் இருந்தாலும் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். வார்த்துப் பூட்டிய பிளக்கை வெட்ட வேண்டாம். அதற்குக் கிளிப் போடும் பெரிய வளையத்தை எடுத்து, வயரை இரண்டு மூன்று தடவை மடக்கி நுழைத்து மூடுங்கள்.

சுற்றும் இடம் இரைச்சல் போடும் கருவியின் அருகே, முடிந்தால் ஒரு சாணுக்குள். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். ஒட்டினால் இரைச்சல் வளையத்தைச் சுற்றிக்கொண்டு கடந்துவிடும்.

இன்வேர்ட்டர் குளிர்சாதனமா? வெளியலகைத் திறக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். உள்ளலகுக்குப் போகும் வயரிலும் மின்சாரம் வரும் வயரிலும் வளையம் பூட்டலாம், ஆனால் அது குளிர்சாதனத் தொழில்நுட்பவியலாளரின் வேலை. பராமரிப்புக்கு வரும்போது வளையத்தை வாங்கிக் கையில் கொடுத்துக் கேளுங்கள். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் முதலில் விற்றவரிடம் முறையிடுங்கள்.

## அறிகுறி: பட்டை முழுவதும் ஒரே சீரான கரகரப்பு

விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது கரகரப்பின் குரல் மாறுகிறதா? அப்படியானால் விசிறியின் மின்னணு ரெகுலேட்டர். விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் சுழல் சுவிட்சும் இதே வகை. ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும், அதாவது நொடிக்கு 100 தடவை, மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுவதால் இது வருகிறது. சுவருக்குள் இருக்கும் வயருக்கு வளையம் பெரிதாக உதவாது. படிப்படியாகச் சுழலும் பழைய மாதிரி ரெகுலேட்டரையோ மின்தேக்கி வகையையோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றினால் தீர்ந்துவிடும்.

எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் மாறாமல், ஒரு சொக்கற்றருகே மட்டும் கரகரப்பு உச்சத்துக்குப் போனால் அது தளர்ந்த இணைப்பில் எழும் தீப்பொறியாக இருக்கலாம். சூடான பிளாஸ்டிக் மணம், பழுப்பேறிய சொக்கற் முகம், ஆட்டினால் மாறும் சத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிரேக்கரை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அன்றே கூப்பிடுங்கள். இதை வானொலிப் பிரச்சினையாக எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். தீப்பிடிக்கும் முன் வீடு தரும் எச்சரிக்கை இது.

## அறிகுறி: பகலில் மட்டும் வரும் இரைச்சல்

காலையில் வெயிலேறத் தொடங்கி, மேகம் மறைக்கும்போது தணிந்து, மாலையில் ஓய்ந்தால் கூரைச் சூரிய மின்தொகுதி. உங்களுடையதாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டினதாகவும் இருக்கலாம். தகடுகளிலிருந்து இன்வேர்ட்டருக்கு வரும் நீண்ட வயர்கள் நல்ல அன்ரனாக்கள்.

நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்றுதான்: இன்வேர்ட்டரை அதன் கையேட்டில் சொன்ன முறைப்படி அணைத்து, இரைச்சல் நிற்கிறதா என்று கேட்பது. நேர் வயரும் எதிர் வயரும் ஒன்றையொன்று ஒட்டி ஓடாமல் தனித்தனிப் பாதையில் போயிருந்தால் இரைச்சல் கூடும் என்பதையும் கீழே நின்றே பார்த்துக்கொள்ளலாம். வயர்களில் கை வைக்காதீர்கள். வெயில் இருக்கும்வரை அவற்றில் சில நூறு வோல்ட் நேர்மின்னோட்டம் இருக்கும், அதை மெயின் சுவிட்ச் அணைக்காது. வளையம் பூட்டுவதும் வயரை ஒன்று சேர்ப்பதும் தொகுதியைப் பொருத்தியவர்களின் பொறுப்பு.

## அறிகுறி: பண்பலை மங்குகிறது, அல்லது கேட் ரிமோட் பக்கத்தில் போனால்தான் வேலை செய்கிறது

சமையலறை விளக்கைப் போட்டதும் பண்பலை நிலையம் இரைச்சலில் அமுங்கினால் குமிழைத்தான் மாற்ற வேண்டும். தொலைக்காட்சியைப் போட்டதும் அமுங்கினால் எச்.டி.எம்.ஐ. வயரைச் சந்தேகியுங்கள். ரேடியோவையும் அதன் கம்பியையும் இரண்டு மீற்றர் நகர்த்திப் பார்ப்பது இலவசம், பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் 43ஆம் எண் கிளிப் வளையத்தை வயரின் இரண்டு முனைகளிலும் மாட்டுங்கள். பண்பலை 88 மெகாஹேர்ட்ஸுக்கு அருகில் தொடங்குகிறது. இங்கே ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. மத்திய அலைக்குச் சொன்னதுபோல் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால், சுற்றுகளுக்கிடையே உள்ள மின்தேக்கம் வழியாக இரைச்சல் தாவிப் போய்விடும்.

கேட் ரிமோட்டுகள் பல 433 மெகாஹேர்ட்ஸில் இயங்குகின்றன. கேட் தூண் விளக்கை அணைத்துவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள். தூரம் கூடினால் விளக்கை மாற்றுங்கள். கூடாவிட்டால் ரிமோட்டின் பற்றரியை மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் கேட் பொருத்தியவரைக் கூப்பிட வேண்டும்.

## அறிகுறி: ஒலிபெருக்கியில் யாரோ பேசுகிறார்கள்

பாட்டு நிறுத்தியிருக்கும்போதும் ஒலிபெருக்கியில் வானொலிப் பேச்சோ தெளிவில்லாத குரலோ கேட்டால், நீண்ட ஒலிபெருக்கி வயர் அலையைப் பிடித்து ஒலிபெருக்கிக் கருவிக்குள் கொண்டுவருகிறது. சிறிய கோயில்களிலும் மண்டபங்களிலும் மைக் வயரைத் தூண் தூணாக இழுத்திருக்கும் இடங்களில் இதைப் பார்க்கலாம். ஒலியளவைக் குறைத்தாலும் பேச்சுக் குறையாவிட்டால் அது ஒலிபெருக்கி வயர் வழியாக வருகிறது. குறைந்தால் மைக் வயர் வழியாக. கண்டுபிடித்த வயரைக் கருவியின் அருகே 31ஆம் எண் வளையத்தில் இடம் இருக்கும்வரை சுற்றுங்கள். மைக் வயரின் உறைக் கம்பி அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேச்சு இல்லை, 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த முனகல் மட்டும் என்றால் அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல். ஃபெரைட்டுக்கு அங்கே வேலை இல்லை. புவி இணைப்பையும் கருவிகள் எல்லாம் ஒரே சொக்கற்றிலிருந்து மின்சாரம் எடுக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: ஏதோ ஒன்றைப் போட்டதும் இணையம் அறுகிறது

வீட்டுக்கு வருவது செம்புத் தொலைபேசிக் கம்பியா, கண்ணாடி இழையா? கண்ணாடி இழைக்கு வளையம் தேவையே இல்லை. செம்புக் கம்பியில் வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு 1.1 மெகாஹேர்ட்ஸ் வரையும், அதன் பிந்திய வகை 2.2 வரையும் பயன்படுத்துவதால் மத்திய அலை இரைச்சல் நேராக அதற்குள் விழுகிறது. தொலைபேசிகளின் வடிகட்டிகள் இருக்கின்றனவா, பயன்படாத பழைய நீட்டிப்புக் கம்பிகள் சுவரில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு தொலைபேசிக் கம்பியையும் ரௌட்டரின் மின் வயரையும் ரௌட்டரை ஒட்டித் தனித்தனி வளையங்களில் சுற்றுங்கள். பலனில்லாவிட்டால் நிறுவனத்திடம் வெளிக்கம்பியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கடற்காற்று படும் இடங்களில் இணைப்புப் பெட்டிக்குள் செம்பு பச்சை பூத்திருப்பது வழமை.

யூ.எஸ்.பி. 3 வன்தட்டைச் செருகியதும் வைஃபை வேகம் விழுந்தால் வளையம் தேட வேண்டாம். 2.4 கிகாஹேர்ட்ஸில் அது கைகொடுக்காது. வன்தட்டைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள்.

## வளையம் மாட்டியும் மாற்றமே இல்லை

வளையம் கிளிப் வகையாக இருந்தால் இரண்டு பாதிகளும் இறுகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இடையில் மயிரிழை இடைவெளி, தூசி, அல்லது அளவுக்கு மிஞ்சிய தடிப்பான வயர் இருந்தாலே பலன் வெகுவாகக் குறையும். ஃபெரைட் கண்ணாடியைப்போல் உடையக்கூடியது. விழுந்து விரிசல் கண்ட வளையத்தை ஒதுக்குங்கள்.

அடுத்தது, அது ஃபெரைட்தானா? பழைய கணினி மின்வழங்கியிலிருந்து கழற்றிய, மஞ்சள் நிறத்தில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பூசிய வளையம் இரும்புத் தூளால் ஆனது. பலர் அதைத்தான் ஆசையோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு அது உதவாது. ஒலிபெருக்கியின் பின்னால் இருக்கும் காந்த வளையமும் உதவாது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் கலவை எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. மல்டிமீற்றரை எடுத்துச் செல்லுங்கள். பூச்சில்லாத கறுத்த பரப்பில் இரண்டு முனைகளையும் அழுத்தி வைத்தால், ஒரு தடை அளவைக் காட்டுவது மங்கனீசு-நாகம் வகை, 31 போன்றது, மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் நல்லது. எதுவுமே காட்டாவிட்டால் நிக்கல்-நாகம் வகை, 43, 61 போன்றது, பண்பலைக்கும் அதற்கு மேலும் ஏற்றது. எண்ணைத் துல்லியமாகச் சொல்லாவிட்டாலும் தவறான வகையை வாங்காமல் இது காப்பாற்றும்.

வகையும் சுற்றும் சரியாக இருந்தும் இரைச்சல் பாதிதான் குறைந்தது என்றால், அதே கருவியிலிருந்து வெளியேறும் இன்னொரு வயர் இருக்கிறது. தொலைக்காட்சிக்கு மின் வயர் மட்டுமா இருக்கிறது? அன்ரனா வயர், எச்.டி.எம்.ஐ., ஒலிபெருக்கி வயர் என்று ஒவ்வொன்றையும் பாருங்கள்.

## மெயினை அணைத்தும் இரைச்சல் நிற்கவில்லை

தொடர்மாடியில் இருந்தால் லிஃப்ட் ஓடும்போது, தண்ணீர் மோட்டார் ஏற்றும்போது, தாழ்வார விளக்குகள் எரியும்போது என்று ஏதாவது ஒன்றோடு நேரம் பொருந்துகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருந்தினால் குடியிருப்பாளர் சங்கத்திடம் சொல்லி லிஃப்டைப் பராமரிப்பவரிடம் வடிகட்டியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நீங்களாக மோட்டார் அறைக்குள் போக வேண்டாம். மேல்வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ வந்தால் உங்கள் ரேடியோவைக் கையிலெடுத்துச் சென்று காதால் கேட்கச் செய்யுங்கள். "உங்கள் வீட்டால்தான்" என்று தொடங்காமல், "இதைச் சற்றுக் கேட்டுப் பாருங்கள், அண்ணா" என்று தொடங்கினால் கதவு திறந்திருக்கும். வளையத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

தெருவில் நடக்க நடக்க ஒரு கம்பத்தருகே இரைச்சல் ஏறினால், நல்ல மழை பெய்ததும் நின்று காய்ந்ததும் திரும்புகிறதா என்று சில நாள் பாருங்கள். திரும்பினால் கம்பத்தின் தளர்ந்த உலோகப் பாகங்களில் தீப்பொறி எழுகிறது. மத்திய அலை இரைச்சல் கம்பி வழியே வெகுதூரம் ஓடும் என்பதால், சிற்றலையின் மேல் முனைக்கு மாற்றிக் கேளுங்கள். அங்கே மூலத்துக்கு அருகில்தான் சத்தம் வலுக்கும். கம்பத்தைத் தட்டவோ அதன் இழுவைக் கம்பியை ஆட்டவோ கூடாது. கம்பத்தின் இலக்கத்தைக் குறித்து, உங்கள் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு, நுகேகொடை, மொறட்டுவைப் பக்கம் என்றால் லங்கா மின்சாரக் கம்பனியான லெக்கோவுக்கு, அறிவியுங்கள்.

இவை எதிலும் தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழு இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாட்டின் அலைவரிசைகளைக் கண்காணிப்பது அதன் பொறுப்பு. முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். எந்த அலைவரிசை, எந்த நாள்களில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிற்கிறது, மெயினை அணைத்தபோது என்ன ஆனது, ரேடியோவைத் திருப்பியபோது எந்தத் திசை காட்டியது என்பதை எழுதுங்கள். கைபேசியில் அரை நிமிடம் பதிவுசெய்த இரைச்சலையும் தயாராக வைத்திருங்கள்.